சிகிச்சையும் ஆய்வும் ஒருங்கே பயின்ற இப்னு நபீஸ் (ரஹ்)

மருத்துவக் கல்லூரியில் பயிலும் பிள்ளை உங்கள் இல்லத்தில் இருக்கக்கூடும். அப்பிள்ளையிடம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசிப் பாருங்கள். முதலில் நோயாளிகளைப் பார்க்கக் கற்க வேண்டும், ஆராய்ச்சி பட்டம் பெற்ற பின்னர் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். பெற்றோராகிய நீங்களும் அதனை ஆமோதிப்பீர்கள். சிகிச்சை வேறு, ஆய்வு வேறு என்னும் எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் சரிதானா என்று எடைபோட, 800 ஆண்டுகளுக்கு முன் மருத்துவ மாணவராக விளங்கிய ஒரு மேதையின் வாழ்வைச் சற்று நோக்குங்கள்.

அலாவுத்தீன் அலீ இப்னு அபீ ஹஸ்ம் அல்குறஷீ என்பது அன்னாரின் பெயர். இப்னு நபீஸ் என்றே உலகம் அவர்களை அறியும். ஹிஜ்ரி 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திமிஷ்க் எனப்படும் டமாஸ்கஸ் நகரின் அருகே பிறந்தார்கள். அந்நகரிலே சுல்தான் நூருத்தீன் ஸங்கீ 1154-இல் நிறுவிய நூரி மருத்துவமனை இருந்தது. அங்கே முஹத்தபுத்தீன் அத்தக்வார் என்னும் பேராசானிடம் இப்னு நபீஸ் அவர்கள் மருத்துவம் பயின்றார்கள்.

அம்மருத்துவமனையில் கல்வி எவ்வாறு நடைபெற்றது தெரியுமா? அதே ஆசானிடம் பயின்ற இப்னு அபீ உஸைபிஆ என்பார் மருத்துவர்களின் வரலாற்றைப் பெருநூலாக எழுதி வைத்துள்ளார். தலைமை மருத்துவர் முதலில் நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்வையிடுவார். அவர் விதிக்கும் மருந்தும் உணவும் உடனுக்குடன் எழுதப்பெறும். பின்னர் அவர் பெருங்கூடத்தில் வந்து அமர்வார். சுல்தான் வழங்கிய நூல்கள் அங்கேயே அடுக்கப்பட்டிருக்கும். மருத்துவர்களும் மாணவர்களும் சூழ்ந்திருக்க, ஏறத்தாழ 3 மணி நேரம் வாசிப்பும் விவாதமும் நிகழும். அம்மருத்துவமனையின் தொடக்க காலத்திலேயே தோன்றிய வழக்கம் இது. நோயாளியின் படுக்கைக்கும் நூலகத்திற்கும் இடையே இருந்த தூரம் சில அடிகளே. காலையில் கண்ணால் கண்டதைச் சிறிது நேரத்திற்குள் நூலோடு ஒப்பிட்டுப் பார்க்க மாணவருக்கு வாய்ப்பு இருந்தது. முரண் கண்டால் வினவவும் முடிந்தது.

இப்பயிற்சி என்ன பயன் தந்தது என்பதைப் பாருங்கள். இப்னு நபீஸ் அவர்கள் கெய்ரோவுக்குச் சென்று மருத்துவராகப் பணியாற்றினார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞராகவும் விளங்கி, மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஃபிக்ஹு கற்பித்தார்கள். 1242-இல், ஏறத்தாழ முப்பது வயதில், இப்னு சீனாவின் கானூன் நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு ஒரு விரிவுரை எழுதினார்கள். இதயத்தின் வலப்பக்க அறையிலிருந்து இரத்தம் நடுச்சுவரின் நுண்துளைகள் வழியாக இடப்பக்க அறைக்குச் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் கூறியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் அதனை ஏற்றிருந்தது. இப்னு நபீஸ் அவர்களோ அதனைத் துணிந்து மறுத்தார்கள். அச்சுவர் தடித்தது; அதில் துளை ஏதுமில்லை; இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, பின்னரே இடப்பக்க அறையை அடைகிறது என்று நிறுவினார்கள். ஐரோப்பாவில் செர்வீட்டஸ் இதே கருத்தை வெளியிட்டது 1553-இல்தான்.

மனித உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து மார்க்கச் சட்டமும் இரக்கமும் தம்மைத் தடுத்தன என்று அன்னார் அந்நூலிலேயே தெரிவிக்கிறார்கள். அங்ஙனமாயின் இவ்வுண்மையை எவ்வாறு கண்டார்கள் என்பதை அறிஞர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். எவ்வாறாயினும், ஆசான்களின் ஆசானான இப்னு சீனாவின் நூலையும் ஆய்ந்த பின்னரே ஏற்பது என்னும் உறுதி அவர்களிடம் இருந்தது என்பதில் ஐயமில்லை.

ஒருநாள் பொதுக் குளியலகத்தில் நீராடிக்கொண்டிருந்தபோது நாடித்துடிப்பைப் பற்றி ஒரு சிந்தனை எழுந்ததாம். பாதியிலேயே வெளியே வந்து, மையும் தாளும் வருவித்து, ஒரு கட்டுரையை எழுதி முடித்த பின்னரே குளியலைத் தொடர்ந்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. 300 பாகங்களாகத் திட்டமிட்ட மருத்துவக் களஞ்சியத்தில் 80 பாகங்களை நிறைவு செய்தார்கள். ஹிஜ்ரி 687-இல், அதாவது 1288-இல், கெய்ரோவில் வஃபாத் ஆனார்கள். இறுதி நோயின்போது மருந்தாக மதுவை அருந்துமாறு மருத்துவ நண்பர்கள் கூறியதையும் மறுத்துவிட்டார்கள் என்பர். தம் இல்லத்தையும் நூல்களையும் சுல்தான் கலாவூன் 1284-இல் கட்டிய மன்ஸூரி மருத்துவமனைக்கு அளித்துச் சென்றார்கள். நூல்கள் நோயாளிகளின் அருகிலேயே இருக்க வேண்டும் என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

இனி, வருந்தத்தக்க ஒரு செய்தியையும் நீங்கள் அறிய வேண்டும். கானூனைச் சுருக்கி அவர்கள் எழுதிய மூஜஸ் என்னும் கையேடு எங்கும் பரவியது. இந்தியாவின் யூனானி மாணவர்களும் அதனைப் பயின்றனர். இதயத்தின் உண்மையைக் கூறிய விரிவுரையையோ ஒரு சிலரே கண்டுகொண்டனர். உடனடிப் பயன் தரும் சுருக்கத்தைக் கற்றவர்கள், வினா எழுப்பிய நூலை உறங்க விட்டுவிட்டார்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1924-இல்தான் அதற்கு விடிவு வந்தது. ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்காக ஆய்ந்த எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவீ, பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியில் இவ்வுண்மையைக் கண்டு தம் ஆய்வேட்டில் எழுதினார். மூதாதையின் புகழை மீட்டது, பட்டத்திற்காக ஆய்வு செய்த ஓர் இளைஞரின் உழைப்பே அன்றோ?

ஆகவே அன்பர்களே, உங்கள் பிள்ளை ஏதேனும் ஓர் ஆய்வில் ஈடுபட விரும்பினால், காலம் வீணாகிறது என்று தடுக்காதீர்கள். மாணவச் செல்வங்களே, பாடச்சுமை மிகுதி என்பது மெய்தான். எனினும் வார்டில் நீங்கள் காணும் முதல் நோயாளியே உங்கள் முதல் ஆய்வுப் பொருளாகலாம். நூல் கூறியதும் நோயாளியிடம் கண்டதும் எங்கே வேறுபடுகின்றன என்று குறித்து வையுங்கள், ஆசிரியரிடம் வினவுங்கள். வினவும் பழக்கம் பட்டம் பெற்ற மறுநாள் தானாக வந்து சேர்வதில்லை. பயிலும் நாளிலேயே அதனைப் பழகிக்கொள்ள வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.