அம்பேத்கரும் தோட்டத்துத் தொட்டில்களும்

அண்ணல் அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தோடு சேர்த்தே நினைக்கப் பழகிவிட்டோம். சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிக்கும் தாய்க்கும் அவருக்கும் உள்ள உறவு நம் மேடைகளில் அரிதாகவே பேசப்படுகிறது.

1891 ஏப்ரல் 14 அன்று பிறந்த அவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் பயின்ற காலத்தில், இரமாபாய் பம்பாயின் தொழிலாளர் குடியிருப்பில் வறுமையோடு மல்லாடினார். பிறந்த ஐந்து குழந்தைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். எஞ்சியவர் யஷ்வந்த் மட்டுமே. ராஜரத்னா இறந்தது 1926இல். 1928 சூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். இரண்டையும் முடிச்சுப்போட நாம் விரும்பவில்லை. ஆயினும் தேதிகள் அருகருகே நிற்கின்றன. பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டு நலன் சார்ந்தது, ஆகவே அச்செலவில் பெரும்பங்கு அரசுடையது என்பது அவர் வாதம். பெண் உழைப்பால் ஆதாயம் காணும் முதலாளியையும் அவர் தப்பவிடவில்லை. மறு ஆண்டே அது சட்டமாயிற்று.

1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கிய அவர், 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். போர்க்கால நிலக்கரித் தேவைக்காகச் சுரங்கத்தினுள் பெண்கள் இறங்கத் தடை 1943இல் நீக்கப்பட்டது. அம்முடிவை அவர் அவையில் நியாயப்படுத்தினார். தடை மீண்டும் வந்தது 1946இல்தான். புகழ்பாடுவோர் இதைத் தாண்டிச் செல்வர், நாம் தாண்டலாகாது. அதே காலத்தில்தான் ரேகே தலைமையிலான தொழிலாளர் விசாரணைக் குழு 1944இல் அமைந்தது. தோட்டத் தொழிலாளரின் நிலை குறித்த ரேகேயின் தனி அறிக்கை 1946இல் வெளிவந்தது. 1951 செப்டம்பரில் அம்பேத்கர் அமைச்சரவையிலிருந்து விலகினார். சில வாரங்களில் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. அப்போது தொழிலாளர் துறை அமைச்சர் ஜெகஜீவன்ராம்.

1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கைக்குழந்தையை எங்கே கிடத்துவது என்பது தாயின் கவலையாகவே இருந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அதை முதலாளியின் கடமையாக்கியது. ஐம்பது பெண்கள் வேலை செய்தாலோ, பெண் தொழிலாளரின் குழந்தைகள் இருபது பேர் இருந்தாலோ காப்பகம் நடத்தியாக வேண்டும். சிறு எஸ்டேட்டுகளில் இரண்டாம் வழியே பயன் தரக்கூடியது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் அந்த இரண்டாம் வழி இல்லை. ஆண், பெண் என்று பாராமல் ஐம்பது தொழிலாளர் என்பதே இனி அளவுகோல். பெரிய தோட்டங்களுக்கு இது விரிவுதான், மறுப்பதற்கில்லை. முப்பது பேர் வேலை செய்யும் எஸ்டேட்டில் இருபது குழந்தைகள் இருந்தாலும் கடமை எதுவும் இல்லை.

மகப்பேற்று விடுப்பை 26 வாரமாக்கிய திருத்தம் 2017 ஏப்ரலில் வந்தது. உயிரோடு இரு குழந்தைகள் உள்ள தாய்க்கோ 12 வாரமே. அதே மாதத்தில் பிரிட்டனும் குழந்தைகளுக்கான உதவித்தொகையை இரண்டோடு நிறுத்தியது! இவ்வரம்புக்குச் சிலர் அம்பேத்கரையே சாட்சிக்கு அழைக்கின்றனர். 1938இல் அவர் தரப்பில் குடும்பக் கட்டுப்பாட்டுத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது உண்மை. அது அரசிடம் கேட்டது பரப்புரையும் வசதிகளும். மூன்றாம் குழந்தையைப் பெற்றவளின் ஓய்வைக் குறைக்கும்படி அல்ல.

முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் தொடர்கிறது. பருவத்துக்கு மட்டும் அழைக்கப்படும் பழங்குடி மலையாளிப் பெண்ணும் தலித் பெண்ணும் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகின்றனர். உழைத்த நாள் எல்லாம் பதிவேட்டில் ஏறுவதில்லை. டிசம்பர் 6 நினைவுநாள் காபி அறுவடைக் காலத்தில் வருகிறது. அன்று மலையேறும் தோழர்கள் மாலையோடு நிற்காமல், அந்த வருகைப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கட்டும்.