மின்னலையில் இசை கண்டவர்

எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அலையியற்றியை ஒலிபெருக்கியோடு இணைத்தால் ‘கூ’வென்று ஒரே சீரான ஓசை எழும். அளவெடுத்து முடித்தால் போதுமென்று காதைப் பொத்திக்கொள்வோம். அவ்வோசையைக் கொண்டே இசையமைத்த மேதை ஒருவர் உண்டென்று விரிவுரையாளர் கூறியபோது நான் நம்பவில்லை. அவரே ஜெர்மானிய இசைமேதை கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன்.

கொலோன் நகரை அடுத்த மோட்ராத் என்னும் சிற்றூரில் 1928 ஆகஸ்டு 22இல் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். தாய் மனநோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இத்தகைய நோயாளிகளை வீண் சுமையெனக் கருதிய நாஜி அரசு 1941இல் அத்தாயைக் கொன்றது. போர்முனைக்குச் சென்ற தந்தையும் திரும்பவில்லை. பதினாறு வயதில் போர் மருத்துவமனையில் காயம்பட்டோரைச் சுமந்தவர், பின்னர்ப் பண்ணையில் கூலிவேலை செய்தும் இரவு விடுதிகளில் பியானோ வாசித்தும் கல்வி கற்றார். கட்டணம் கட்டும் கடைசி நாளை எண்ணிக் கலங்கும் என் போன்றோர்க்கு அவர் வாழ்வின் இப்பகுதி நன்கு விளங்கும்.

1952இல் பாரிசு சென்று மெசியானிடம் பயின்றார். அடுத்த ஆண்டு கொலோன் வானொலியின் மின்னிசைக் கூடத்தில் சேர்ந்தார். வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்களும் சேர்ந்தெழும். அக்கலவையால்தான் வீணைக்கு வீணையின் நாதம். சைன் அலையிலோ மேற்சுரமே இல்லை. அத்தகைய வெற்றொலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டிப் புதிய நாதங்களை அவர் படைத்தார். சில நிமிட இசைக்கு மாதக்கணக்கில் உழைப்பு! 1956இல் அரங்கேறிய ‘இளைஞர் கீதம்’ என்ற படைப்பில் ஒரு சிறுவனின் குரலும் மின்னொலியும் பிரித்தறிய இயலாவண்ணம் கலந்தன.

1968 மே மாதம் குடும்பத் துயரில் தனித்திருந்தபோது அவர் கையில் கிடைத்தது, நம் புதுச்சேரி அரவிந்தரைப் பற்றி சத்பிரேம் எழுதிய நூல். அவ்வாண்டே ‘ஸ்டிம்முங்’ பிறந்தது. ஆறு குரல்கள் ஒரே சுருதியின் மேற்சுரங்களை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இசைக்கின்றன. தம்புராவுக்குப் பழகிய செவிக்கு இது அன்னியமன்று. அவருடைய மாணாக்கர் இர்மின் ஷ்மிட்டும் ஹோல்கர் சூக்கையும் அதே ஆண்டு ‘கேன்’ குழுவைத் தொடங்கினர்.

1977இல் தொடங்கி 2003 வரை, ஏறத்தாழ 29 மணி நேரம் நீளும் ‘ஒளி’ என்ற இசைநாடக வரிசையை இயற்றினார். அதில் என்னால் அரைமணிக்கு மேல் தாங்க முடியவில்லை. 2007 டிசம்பர் 5இல் அவர் மறைந்தார்.

என் தந்தை பெருங்களத்தூரில் மைக் செட் வைத்திருப்பவர். ஆடி மாதம் முழுவதும் கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். ‘கூ’வென்ற இரைச்சல் வராமல் காப்பதே அவர் தொழில். அவரிடம் ‘இளைஞர் கீத’த்தைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். இறுதிவரை பேசாமல் கேட்டார். பாட்டு நன்றாயிருக்கிறதென்றோ இல்லையென்றோ சொல்லவில்லை. ஸ்பீக்கர்களை எங்கே வைத்தார்கள் என்றுதான் கேட்டார். அவையைச் சுற்றி வைத்ததைச் சொன்னேன். 1970இல் ஜப்பானின் ஒசாக்கா கண்காட்சியில் அவருக்கென்றே எழுந்த உருண்டை வடிவ அரங்கையும், கம்பி வலைத் தளத்தில் அமர்ந்தோர்க்குக் காலடியிலிருந்தும் ஒலி வந்ததையும் சொன்னேன். தந்தை நெடுநேரம் யோசித்தார். மழை பெய்தால் கீழே உள்ள ஸ்பீக்கர்களில் தண்ணீர் இறங்கிவிடாதா என்பது அவர் கவலை.