வீட்டை இழுத்துக்கொண்டு உலகம் சுற்றியவர்

காருக்குப் பின்னால் ஒரு வீடு. வீட்டுக்கு இரண்டு சக்கரம். கார் போகும் இடமெல்லாம் வீடும் கூடவே போகும். அதற்குள் கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு, விளக்கும் உண்டு. இருட்டிவிட்டால் ஓரிடத்தில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

சினிமாப் படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் தங்கும் "கேரவன்" வண்டியைப் பலர் பார்த்திருப்பார்கள். அது தானே ஓடும் பெரிய மோட்டார் வண்டி. இங்கே சொல்வது அதுவல்ல. தனக்கென்று எஞ்சின் இல்லாமல், காரில் பூட்டி இழுத்துச் செல்லும் வீடு. இந்த இழுவை வீட்டை அமெரிக்காவில் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் வாலி பையம்.

பெயரைப் பார்த்து ராமாயணத்து வாலியை நினைத்துவிட வேண்டாம்! வாலஸ் என்ற பெயரின் சுருக்கமே வாலி.

கழுதை வண்டி

1896-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பேக்கர் என்ற ஊரில் வாலி பிறந்தார். ஜூலை 4 அமெரிக்காவின் சுதந்திர தினம். ஊரெல்லாம் வாணவேடிக்கை நடக்கும் நாள்.

அவருடைய பாட்டனார் கோவேறு கழுதைகளில் பொதி ஏற்றி ஓட்டும் கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். ஊர் சுற்றும் ஆசை பேரனுக்கு ரத்தத்திலேயே இருந்தது போலும்.

வாலி சிறுவனாக இருந்தபோதே தாயும் தந்தையும் பிரிந்துவிட்டார்கள். விடலைப் பருவத்தில் அவர் ஆடு மேய்க்கப் போனார். காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் மேய்ச்சல் அல்ல அது. மந்தையோடு மலையிலும் காட்டிலும் பல நாள் தங்க வேண்டும். தங்குவதற்கு ஒரு சின்ன மர வண்டி. இழுக்க ஒரு கழுதை. வண்டிக்குள் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு வாளி, ஒரு படுக்கை, கொஞ்சம் உணவுப் பண்டம். இவ்வளவுதான் சாமான்.

ஒரு மனிதன் வாழ எவ்வளவு சாமான் போதும் என்பதை அந்தக் கழுதை வண்டியில்தான் வாலி படித்தார். பிற்பாடு அவர் செய்த அத்தனை வண்டிகளிலும் அந்தப் படிப்பு தெரிகிறது.

பிறகு சில காலம் கப்பலில் வேலை செய்தார். கப்பல் அறையிலும் இதே கதைதான். கையகல இடத்தில் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். அதன்பின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெற்றார். விளம்பரத் தொழிலில் இறங்கினார். பத்திரிகைகளும் நடத்தினார்.

மனைவியின் பிடிவாதம்

1920-களில் அமெரிக்காவில் சாதாரணக் குடும்பத்தாரும் கார் வாங்கத் தொடங்கினார்கள். விடுமுறை வந்தால் கூடாரத்தைச் சுருட்டிக் காரில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். வாலியும் அப்படித்தான் புறப்பட்டார். ஆனால் அவர் மனைவி மரியனுக்கு வெறுந்தரையில் படுப்பது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வாலி யோசித்தார். ஃபோர்டு காரின் அடிச்சட்டம் ஒன்றை எடுத்து, அதன் மேல் பலகை அடித்து, பலகையின் மேல் கூடாரத்தை நிறுத்தினார். தரையில் படுக்கும் தொல்லை நீங்கியது. ஆனால் போகும் ஊரிலெல்லாம் கூடாரத்தை நிமிர்த்துவதற்குள் இடுப்பு ஒடிந்தது. மழை வந்தால் உள்ளே ஒழுகியது. மரியனுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அடுத்தபடியாகக் கண்ணீர்த் துளி வடிவத்தில் ஒரு மரக்கூண்டைச் செய்தார். உள்ளே படுக்கை, ஒரு சிறு அடுப்பு, ஐஸ் வைக்கும் பெட்டி. வழியில் பார்த்தவர்கள் நிறுத்தி விசாரித்தார்கள். செய்முறையை எழுதி, படம் போட்டு விற்றார். விற்பனை சூடு பிடித்தது. சிலர் வண்டியையே செய்து தரச் சொன்னார்கள். தம் வீட்டுக் கொல்லையிலேயே சுத்தியலும் ரம்பமுமாக வேலையில் இறங்கினார். சத்தம் தாங்காமல் அண்டை வீட்டார் முறையிட்டதால் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

மரியன் முகம் சுளித்திராவிட்டால் வாலி விளம்பரம் எழுதியே காலத்தைக் கழித்திருப்பார். பெண்கள் குறை சொல்வதிலும் ஒரு நன்மை இருக்கிறது!

1931-ல் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஏர்ஸ்ட்ரீம் தொழிற்சாலை தொடங்கியது. நாடே பஞ்சத்திலும் வேலையில்லாத் திண்டாட்டத்திலும் தவித்த காலம் அது. அந்த நேரத்தில் உல்லாச வண்டிக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று தோன்றும். ஆனாலும் தொழில் நடந்தது.

வாலி ஒரு நல்ல காரியம் செய்தார். வண்டியின் தளத்தைச் சக்கரங்களுக்கு நடுவே தாழ்த்தி, கூரையை உயர்த்தினார். அதுவரை குனிந்து நுழைந்து சுருண்டு படுத்தவர்கள், நிமிர்ந்து நின்று சமைக்க முடிந்தது.

1936-ல் கிளிப்பர் வந்தது. ஆகாய விமானம் போல, அலுமினியத் தகடுகளை ஆணி அறைந்து இணைத்த பளபளக்கும் கூண்டு. நான்கு பேர் படுக்கலாம். சொந்தத் தண்ணீர், மின்சார விளக்கு, மடக்கினால் கட்டிலாகும் மேஜை எல்லாம் உண்டு. விலை 1,200 டாலர். அன்று புது ஃபோர்டு காரின் விலையை விட அது மிகவும் அதிகம்.

முன்பாரம், பின்பாரம்

வண்டியை ஏன் விமானம் போலச் செய்தார்? அழகுக்காக மட்டும் அல்ல. கனம் குறைந்தால் கார் சுலபமாக இழுக்கும். முனை உருண்டையாக இருந்தால் எதிர்க்காற்று வழுக்கிக்கொண்டு போகும்.

கனத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. அதை எங்கே வைக்கிறோம் என்பது உயிருக்கே சம்பந்தப்பட்ட விஷயம். களமருதூர்ப் பக்கம் மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு இது புதிதல்ல. முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். அதே கணக்குதான் இங்கேயும்.

காரின் பின்புறம் ஓர் இரும்பு உருண்டை இருக்கும். இழுவை வீட்டின் ஏர்க்கால் நுனியில் கிண்ணம் போன்ற பூட்டு இருக்கும். கிண்ணத்தை உருண்டையின் மேல் கவிழ்த்துப் பூட்டுவார்கள். பூட்டு விட்டுப்போனாலும் வண்டி தனியே ஓடிவிடாமல் இருக்கச் சங்கிலியும் மாட்டுவார்கள். வீட்டின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு அந்த உருண்டையின் மேல் அழுந்த வேண்டும். 1,000 கிலோ வண்டி என்றால் 100 முதல் 150 கிலோ.

அதற்குக் குறைந்தால் வேகத்தில் போகும்போது வீடு பாம்பு போல நெளியும். காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் காரின் முன்சக்கரம் தரையில் பிடிப்பை இழக்கும். கரும்பு ஏற்றிய டிராக்டரின் முன்சக்கரம் மேட்டில் தூக்கிக்கொள்வதைக் கள்ளக்குறிச்சிச் சாலைகளில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

ஆகவே கனமான சாமான்களைத் தாழ்வாக, அச்சுக்கு அருகில் வைக்க வேண்டும். லேசான துணிமணிகள் மேல் அலமாரிக்குப் போகலாம். கனமான வீட்டுக்குத் தனியாக பிரேக் வேண்டும். இல்லாவிட்டால் கல்வராயன் மலை போன்ற இறக்கத்தில் பின்னால் வரும் வீடு காரைத் தள்ளிக்கொண்டு போய்விடும். இறங்கும்போது சின்ன கியரில் மெதுவாக வருவதே உத்தமம்.

தம் வண்டி லேசானது என்று காட்ட 1947-ல் ஒரு வேடிக்கை நடந்தது. ஆல்ஃபிரட் லெட்டூர்னர் என்ற பிரெஞ்சு சைக்கிள் வீரர், ஒரு ஏர்ஸ்ட்ரீம் வண்டியைச் சைக்கிளில் கட்டி இழுத்தார். அந்தப் போட்டோ உலகப் பிரசித்தி பெற்றது. வாலி பழைய விளம்பரக்காரர் அல்லவா!

63 வண்டிகள்

இரண்டாவது உலகப் போரின்போது அலுமினியம் எல்லாம் விமானத்துக்குப் போயிற்று. வண்டித் தொழில் நின்றது. வாலி விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். போர் முடிந்தபின் மறுபடியும் தொடங்கினார்.

1951-ல் பெரிய துணிச்சல் ஒன்றில் இறங்கினார். இழுவை வீடு வைத்திருந்த குடும்பங்களைத் திரட்டி, மெக்சிகோ வழியாக மத்திய அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். 63 வண்டிகள் கிளம்பின. பல இடங்களில் சாலை என்று சொல்வதற்கே ஒன்றும் இல்லை. பள்ளத்திலும் பாறையிலும் விழுந்து எழுந்ததில் வண்டிகள் ஆட்டம் கண்டன. ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பியது. கடைசி வரை போய்ச் சேர்ந்தவை 14 மட்டுமே.

வாலியின் மானமே போகும் நிலை. தாம் செய்த வண்டி நல்ல சாலையில்தான் ஓடும் என்று ஊர் சொல்லியிருக்கும். அவரோ அந்தப் பயணத்தைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டார். எது உடைந்ததோ அதை அடுத்த வண்டியில் பலப்படுத்தினார். வெளியிலிருந்து தண்ணீர்க் குழாயோ மின்சாரக் கம்பியோ இல்லாத காட்டிலும் தங்கும்படி, எல்லாம் தன்னிடமே உள்ள ஒரு வண்டியை 1957-ல் ஏர்ஸ்ட்ரீம் வெளியிட்டது. தண்ணீர், விளக்கு, சமையல் வாயு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே.

1959-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து 41 வண்டிகள் புறப்பட்டன. சேற்றில் புதைந்தால் ஒன்றை ஒன்று இழுத்துவிட்டுக்கொண்டு, எத்தியோப்பியாவின் சக்கரவர்த்தி ஹெய்லி செலாசியின் தலைநகரான அடிஸ் அபாபாவையும் தொட்டுக்கொண்டு வடக்கே போயின. 1960-ல் எகிப்தில் பிரமிடுகளின் அடியில் வெள்ளி வண்டிகள் வட்டமாக நின்றன. இத்தகைய யாத்திரைக்குப் பணமும் ஓய்வும் வேண்டும் என்பது உண்மைதான். வந்தவர்களில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர்.

1962-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி வாலி பையம் மூளைக் கட்டியால் காலமானார். வயது 66. அடுத்த ஆண்டே அவருடைய சகாக்கள் சிங்கப்பூரில் புறப்பட்டு, இந்தியா வழியாக ஐரோப்பா வரை வண்டிகளை இழுத்துச் சென்று, 1964-ல் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் முடித்தார்கள்.

1969 ஜூலையில் சந்திரனுக்குப் போன மூவர் பூமிக்குத் திரும்பினார்கள். சந்திரனிலிருந்து ஏதாவது கிருமி ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்ற அச்சத்தில், அவர்களைச் சில நாட்கள் ஒரு கூண்டுக்குள் வைத்தார்கள். கப்பலின் மேல் நின்ற அந்தக் கூண்டின் கண்ணாடி வழியாகத்தான் ஜனாதிபதி நிக்ஸன் அவர்களோடு பேசினார். அது ஏர்ஸ்ட்ரீம் வண்டியை மாற்றிச் செய்தது. சக்கரத்தை மட்டும் கழற்றிவிட்டிருந்தார்கள்.