மலையை வென்றவர், நுளம்பிடம் தோற்றவர்

கல்முனையும் அதன் அயலூர்களாகிய சாய்ந்தமருதும் மருதமுனையும் நிந்தவூரும் கடலுக்கும் வயலுக்கும் இடையே கிடக்கும் சமதரைகள். இங்கு சைக்கிள் ஓட்டும் இளைஞர்க்கு ஏற்றம் என்பது பாலத்தின் முதுகளவே. மகியங்கனையைக் கடந்து கண்டிக்குச் செல்லும் வழியில் பதினெட்டு வளைவைக் காணும்போதுதான் மலை இன்னதென அறிகின்றனர். அவ்வளைவுகளைச் சைக்கிளில் ஏறிவிட விரும்பும் மாணாக்கர்க்கு யான் கூறுவது பௌஸ்தோ கொப்பியின் சரிதம். தாம் எழுதும் கொப்பியை நினைந்து அவர்கள் நகைப்பர், ஆயினும் செவிசாய்ப்பர்.

இத்தாலியின் கஸ்தெல்லானியா என்னும் குன்றூரில், 1919 செப்டெம்பர் 15இல், உழவர் குடியிற் பிறந்தவர் அவர். இளமையிலே பள்ளியை விட்டு, நோவி லிகுரே நகரில் இறைச்சிக்கடை ஏவலாளரானார். பொதியேற்றிய சைக்கிளில் வீடுதோறும் சென்றதும், குன்றேறி ஊர் மீண்டதுமே அவர்தம் முதற்பயிற்சி. பின்னர், கண்ணொளி இழந்த பியாஜோ கவன்னா அவருக்கு ஆசானாயினார். தசையை விரலால் தொட்டே வீரரின் தகுதியை அளந்தவர் கவன்னா.

மலையேறுவோர்க்குப் பாய்ச்சல் உதவாது. சீரான மிதியும் அடங்கிய மூச்சுமே உதவும். அவை நாள்தோறும் பழகியே வருவன. குன்றில்லாத நம் கரையில், கச்சான் காற்றை எதிர்த்து ஓட்டுவதே குன்றேறுவதற்கு நிகர் என்பேன்.

1940இல், இருபதாம் வயதில், கொப்பி இத்தாலியச் சுற்றோட்டத்தை வென்றார். உலகப் போர் அவரை வட ஆபிரிக்காவிற் சிறைப்படுத்தியது. மீண்டு வந்தவர், 1949 ஜூன் 10இல் குனேயோவிலிருந்து பினெரோலோ வரை ஐந்து கணவாய்களைக் கடந்த ஓட்டத்தில், 192 கிலோமீற்றர் தனியே சென்று, ஜினோ பார்த்தலியை ஏறக்குறையப் பன்னிரண்டு நிமிடத்தால் முந்தினார். அவ்வாண்டிலும் 1952இலும் இத்தாலி, பிரான்சு ஆகிய இரு நாட்டுச் சுற்றோட்டங்களையும் ஒருங்கே வென்றார். அவருக்கு முன் அதனைச் செய்தார் எவருமிலர்.

1959 டிசெம்பரில், இன்று புர்க்கினா பாசோ எனப்படும் நாட்டுக்கு நண்பரோடு சென்று திரும்பினார். இருவரையும் காய்ச்சல் பற்றியது. பிரான்சிலே நண்பர் ஜெமினியானியின் நோய் மலேரியா என அறியப்பட்டது. மருந்தால் அவர் பிழைத்தார். இத்தாலியில் கொப்பியின் வைத்தியர்கள் அதனை அறிந்திலர். 1960 சனவரி 2இல், நாற்பதாம் வயதில், அவர் மறைந்தார். ஆல்ப்ஸ் மலையால் தளராத உடலை ஒரு நுளம்பு சாய்த்தது.

இலங்கையில் மலேரியா ஒழிந்தது என உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. அயல்நாடு சென்று மீள்வோரின் உடலிலோ அது இன்றும் வருகின்றது. நாம் மறந்த நோயை நம் வைத்தியரும் நினையாதிருக்கலாம். ஆதலின், சென்ற நாட்டைக் காய்ச்சலுற்றவர் தாமே முதலிற் கூறல் வேண்டும். இத்தாலியச் சுற்றோட்டத்தின் அதியுயர் கணவாய்க்கு 1965 முதல் கொப்பியின் பெயர் வழங்குகின்றது. அச்சிகரப் புகழினும், உரிய காலத்தில் வழங்கும் சிறு மாத்திரை அவருக்குப் பெரிதாயிருந்திருக்கும்.