கையில் பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டு வரைந்தாரா ரெனுவார்? கால் நூற்றாண்டு மூட்டுவலியின் கதை

விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிப்போன ஒரு முதியவர், கையில் துணிக்கட்டு, விரலிடுக்கில் ஒரு பிரஷ். தன்னம்பிக்கைப் பதிவுகளில் இந்தப் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். பிரஷ்ஷைக் கையோடு கட்டிக்கொண்டு ஓவியம் தீட்டியவர் என்று ஒரு வரியும் கூடவே வரும். அவர்தான் பிரெஞ்சு ஓவியர் அகஸ்டே ரெனுவார்.

உண்மையில் அவர் பிரஷ்ஷைக் கட்டிக்கொள்ளவில்லை. உள்ளங்கைத் தோல் அவ்வளவு மெலிந்துபோயிருந்தது. மரக்காம்பு உரசினாலே வலிக்கும், மடங்கிய விரல்களின் நகம் குத்தும். அதைத் தடுக்கத்தான் அந்தத் துணி. வீட்டில் யாராவது பிரஷ்ஷை விரல்களுக்கு நடுவே செருகிவிடுவார்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். 1915-ல் சாஷா கித்ரி எடுத்த மௌனப் படத்தில், பதின்வயது மகன் குளோத் பக்கத்திலேயே நின்று உதவுவதை இன்றைக்கும் பார்க்கலாம். பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டார் என்ற கதையில் இந்தப் பையன் காணாமல் போய்விடுகிறான்.

ரெனுவார் பிறந்தது 1841-ல், பிரான்ஸின் லிமோஜ் நகரில். அப்பா தையல்காரர். 13 வயதில் பீங்கான் பாத்திரங்களுக்குப் பூ வரையும் வேலைக்குப் போனார். 1874-ல் மோனே, தெகா உள்ளிட்டோருடன் சேர்ந்து நடத்திய கண்காட்சிதான் இம்ப்ரெஷனிசத்தின் தொடக்கம் என்கிறார்கள். திறந்த வெளியில் நின்றபடியே, வெளிச்சம் மாறுவதற்குள் வேகவேகமாக வரைவது அவர்கள் பாணி. அதற்குக் கையும் காலும் ஒத்துழைக்க வேண்டும்.

50 வயதை ஒட்டி, 1892 வாக்கில் மூட்டுகள் வலிக்கத் தொடங்கின. 1897-ல் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கை உடைந்தது. இடது கையால் வரைந்து சமாளித்தார். எலும்பு கூடிவிட்டது, ஆனா மூட்டுவலி விடவில்லை. அது முடக்குவாதம். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்கும் நோய். காலையில் விறைப்பு, வீக்கம், நாளடைவில் மூட்டே கோணிப்போகும். இப்போ இதைக் கட்டுப்படுத்த மருந்துகள் இருக்கின்றன, சீக்கிரம் தொடங்கினால் மூட்டுச் சிதைவைப் பெருமளவு தடுக்கலாம். ரெனுவார் காலத்தில் அப்படி எதுவும் இல்லை. வலியைக் குறைக்க முடிந்ததே தவிர, நோயை நிறுத்த முடியவில்லை.

அதனால் வேலை செய்யும் விதத்தையே மாற்றினார். தினமும் காலையில் சின்னப் பந்துகளை மேலே போட்டுப் பிடித்து விரல்களைப் பழக்கினார், அதுவும் முடியாமல் போகும்வரை. குளிர் ஒத்துக்கொள்ளாததால் தெற்கே கடலோரம் போனார். 1907-ல் கான்யே-சூர்-மேர் ஊரில் ஆலிவ் தோப்பு ஒன்றை வாங்கினார். தோட்டத்திலேயே கண்ணாடிச் சுவர் வைத்த ஓவியக்கூடம் எழுந்தது. பெரிய கேன்வாஸை எட்ட முடியாது என்பதால் அதை உருளைகளில் சுற்றினார்கள். எந்தப் பகுதியில் வரைய வேண்டுமோ அது அவர் கைக்கு நேரே வந்து நிற்கும். அலுவலகத்தில் நாற்காலி உயரத்தை மாற்றிக் கேட்கத் தயங்குபவர்கள் இந்த உருளையைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

1912 வாக்கில் சக்கர நாற்காலிதான் என்றாகிவிட்டது. அப்போது நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். மருத்துவர் ஒருவர் அவரை எழுப்பி நிறுத்தியே விட்டார். சில அடிகள் நடந்தார், வீடே பூரித்தது. ஆனா ரெனுவார் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். நடப்பதற்கே இருக்கிற பலமெல்லாம் போய்விடுகிறது, வரைவதற்கு மிச்சம் இருக்காது, அதனால் இனி நடக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டாராம். நாள்பட்ட வலியோடு வேலைக்குப் போகிற யாருக்கும் இந்தக் கணக்கு புரியும். குளிப்பது, சட்டை போடுவது, பஸ் ஏறுவது எல்லாமே அதே சேமிப்பிலிருந்துதான் செலவாகிறது. வெளியே தெரிவது வேலை குறைந்தது மட்டும்தான்.

இந்த ஏற்பாடுகளுக்குப் பணம் வேண்டும், ஆட்கள் வேண்டும். நல்லவேளை, அதற்குள் அவர் ஓவியங்கள் நல்ல விலைக்குப் போகத் தொடங்கியிருந்தன. மனைவி அலின், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்து பல ஓவியங்களுக்கு மாடலாகவும் இருந்த கேப்ரியேல், தூக்கிக் கொண்டுபோய் உட்காரவைப்பவர்கள் என்று ஒரு வீடே அவரைச் சுற்றி இயங்கியது. அவர் அப்பாவைப் போல ஒரு தையல்காரருக்கு இதே நோய் வந்திருந்தால் ஊசியைச் செருகிவிட யார் இருந்திருப்பார்கள்?

முதல் உலகப் போரில் மூத்த மகன்கள் பியரும் ழானும் காயமடைந்தார்கள். (பின்னாளில் வங்காளத்துக்கு வந்து 'தி ரிவர்' படம் எடுத்த இயக்குநர் இந்த ழான்தான்.) 1915-ல் அலின் இறந்தார். ரெனுவார் வரைவதை நிறுத்தவில்லை. இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள குளிக்கும் பெண்கள் ஓவியம் 1918-19-ல் தீட்டியது.

சிற்பம் செய்யவும் ஆசைப்பட்டார். களிமண்ணைப் பிசைய அந்த விரல்களால் முடியாது. ஓவிய வணிகர் வொல்லார் ஏற்பாட்டில் 1913-ல் ரிஷார் கினோ என்ற இளம் சிற்பி வந்தார். ரெனுவார் சொல்லச் சொல்ல கினோவின் கைகள் செய்தன. சிற்பங்கள் ரெனுவார் பெயரில் விற்பனையாயின.

1919-ல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, லூவர் அருங்காட்சியகத்துக்கு அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனார்கள். அங்கே அவருடைய ஓவியமும் மாட்டப்பட்டிருந்தது. டிசம்பர் 3-ம் தேதி 78 வயதில் காலமானார். அந்தச் சிற்பங்களில் தனக்கும் பங்கு உண்டு என்று கினோ வழக்குத் தொடுத்தது 1960-களில். அவரும் இணைப் படைப்பாளிதான் என்று பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் 1973-ல் உறுதிசெய்தது.