கட்டைவிரலுக்கு ஒரு தாழ்: துப்பாக்கி மேதை பிரவுனிங்

1911-ம் ஆண்டு ஜூன் மாதம் 17-ந் தேதி. நெல்லைச் சீமையில் மணியாச்சி ரெயில் நிலையம். கொடைக்கானலுக்குப் புறப்பட்டு, ரெயில் பெட்டியில் அமர்ந்திருந்த கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டார். பிறகு தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியம் நாட்டில் செய்த பிரவுனிங் பிஸ்டல்.

வாஞ்சியின் பெயரைத் தமிழ்நாடு அறியும். அந்தப் பிஸ்டலுக்குப் பெயர் கொடுத்த மனிதரை அறிந்தவர்கள் குறைவு. அவர் பெல்ஜியத்துக்காரர் அல்ல, அமெரிக்கர். முழுப் பெயர் ஜான் மோசஸ் பிரவுனிங்.

பட்டறையில் பிறந்த பிள்ளை

யூட்டா மாகாணத்தில் ஆக்டன் என்ற ஊரில் 1855-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் ஜோனதன் துப்பாக்கி செய்யும் கொல்லர். அவருக்கு மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள்! பட்டறையில் கிடந்த பழைய இரும்புதான் சிறுவன் ஜானுக்கு விளையாட்டுச் சாமான்.

பத்து வயதில், கழித்துப் போட்ட ஒரு குழலை எடுத்துத் தானே துப்பாக்கி செய்தான். அதைக்கொண்டு தம்பியுடன் காட்டுக்கோழி வேட்டையாடி வந்தான். தகப்பனார் தட்டிக்கொடுக்கவில்லை. பத்து வயதுப் பையன் இதைவிட நன்றாகச் செய்திருக்கலாமே என்றாராம்!

1879-ல் தகப்பனார் காலமானார். அதே ஆண்டில் மகனுக்கு முதல் பேட்டன்ட் உரிமை கிடைத்தது. 1883-ல் பெரிய கம்பெனியான வின்செஸ்டர், அந்தத் துப்பாக்கியின் உரிமையை 8 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. பிறகு ஏறுமுகம்தான். ஆயுள் முழுவதும் அவர் பெற்ற பேட்டன்ட்டுகள் 128.

ஆபத்து எங்கே?

அக்காலத்து ரிவால்வரில் முதல் குண்டைச் சுட விசையை அழுத்தி இழுக்க வேண்டும், அல்லது சுத்தியைக் கையால் பின்னுக்குத் தள்ள வேண்டும். பிரவுனிங் செய்த பிஸ்டல் வேறு மாதிரி. ஒரு முறை சுட்டதும் மேல்மூடி தானே பின்னால் ஓடும். காலித் தோட்டாவை வெளியே தள்ளும். அடுத்த தோட்டாவை ஏற்றும். சுத்தியும் தயாராக நிற்கும். இனி விரல் லேசாகப் பட்டாலே போதும், வெடித்துவிடும்.

அப்படிப்பட்ட பிஸ்டலை இடுப்பில் செருகிக்கொண்டு எப்படி நடப்பது? இடறி விழுந்தால்? உறையில் வைக்கும்போது விசையில் துணி சிக்கினால்?

பிரவுனிங் பல வழிகளைச் சோதித்துப் பார்த்தார். 1900-ம் ஆண்டு கோல்ட் கம்பெனி வெளியிட்ட பிஸ்டலில், குறி பார்க்கும் பின் முனையைக் கீழே அழுத்தினால் சுடாது. அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. அதே ஆண்டில் பெல்ஜியத்தில் எப்.என். கம்பெனி வெளியிட்ட பிஸ்டலில் பக்கவாட்டில் சிறு தாழ் வைத்தார். கட்டைவிரலால் தள்ளினால் பூட்டிக்கொள்ளும். போலீஸ்காரர்கள் சேப்டி என்று சொல்வது இதைத்தான்.

எப்.என். கம்பெனி துப்பாக்கியோடு மோட்டார் சைக்கிளும் செய்தது. திருவொற்றியூர்வாசிகளுக்கு இது வியப்பாக இராது. அவர்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் செய்த என்பீல்டு கம்பெனியின் சின்னமே பீரங்கிதான். இங்கிலாந்தில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்த கம்பெனியின் பெயர் அது. இரும்பைக் கடைந்து பழகிய கைக்கு இரண்டும் ஒரே வேலை.

குதிரை வீரர்களின் கோரிக்கை

அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு பிஸ்டல் தேவைப்பட்டது. பிரவுனிங் 1910-ல் கொடுத்த மாதிரியில் கட்டைவிரல் தாழ் கிடையாது. பிடியின் பின்புறம் ஒரு தகடு மட்டும் இருந்தது. உள்ளங்கை அதை அழுத்தினால்தான் சுடும். கை நழுவிக் கீழே விழுந்தால் சுடாது.

குதிரைப் படையினருக்கு இது போதவில்லை. ஒரு கையில் கடிவாளம். மறு கையில் சுடத் தயாராக நிற்கும் பிஸ்டல். குதிரை மிரண்டு துள்ளுகிறது. பிஸ்டலை உறைக்குள் திணிக்க வேண்டும். திணிக்கும்போது உள்ளங்கை தகட்டை அழுத்திக்கொண்டுதான் இருக்கும்! விசையில் ஏதாவது பட்டால் குண்டு வீரனின் தொடையிலோ, குதிரையின் வயிற்றிலோ பாயும். ஆகவே தாழ் வேண்டும் என்று கேட்டார்கள்.

பிரவுனிங் சேர்த்துக் கொடுத்தார். மேலே தள்ளினால் பூட்டு. கையில் பிடித்துக் கட்டைவிரலால் கீழே அழுத்தினால் திறப்பு. 1911 மார்ச் மாதச் சோதனையில் 6 ஆயிரம் குண்டுகள் சுட்டார்கள். பிரவுனிங்கின் பிஸ்டல் ஒரு தடவை கூட மக்கர் செய்யவில்லை. அம்மாதம் 29-ந் தேதி ராணுவம் அதை ஏற்றது. மணியாச்சியில் வெடி கேட்டது அதற்குச் சுமார் மூன்று மாதம் கழித்து.

தீராத வழக்கு

தாழ் வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டை அதோடு முடியவில்லை. உயிருக்கு ஆபத்து வரும் நொடியில் கை நடுங்கும். தாழைத் திறக்க மறந்தால் பிஸ்டல் வெறும் இரும்புத் துண்டு என்பது ஒரு கட்சி. பிறர் கைக்குப் போனாலும், குழந்தை எடுத்தாலும், தாழ் ஒரு நொடியாவது தடுக்குமே என்பது மறு கட்சி. இரண்டாவது கட்சியின் பேச்சில் நியாயம் அதிகம். ஆனால் நாள்தோறும் பழகாத கட்டைவிரலுக்குத் தாழ் இருந்தும் ஆபத்துதான். பூட்டியிருக்கிறது என்று நம்பி விளையாடிச் செத்தவர்களும் உண்டு.

1982-ல் ஆஸ்திரியா ராணுவம் ஏற்ற கிளாக் பிஸ்டலில் கட்டைவிரல் தாழே இல்லை. விசையின் நடுவிலேயே ஒரு சிறு நாக்கு. அதை அழுத்தாமல் விசை நகராது. உலகப் போலீஸ் படைகள் பல அதை வாங்கின. அமெரிக்க ராணுவமோ 2017-ல் புதுப் பிஸ்டல் தேர்ந்தெடுத்தபோது, மறுபடியும் தாழ் உள்ளதையே எடுத்தது. இப்போது குதிரை இல்லை, கடிவாளமும் இல்லை!

பட்டறையிலேயே முடிவு

71 வயதிலும் பிரவுனிங் ஓயவில்லை. 1926-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி, பெல்ஜியத்தில் லியேஜ் நகரை அடுத்த எப்.என். தொழிற்சாலையில் புதுப் பிஸ்டல் வேலையாக இருந்தார். அங்கே மகனின் அலுவலக அறையில் மாரடைப்பால் உயிர் பிரிந்தது. உடல் கடல் கடந்து ஆக்டனுக்குப் போயிற்று.

அரைகுறையாக நின்ற பிஸ்டலைத் தொழிற்சாலையின் நிபுணர் சைவ் பூர்த்தி செய்தார். 1935-ல் அது வெளிவந்தது. பின்னர் அதே மாதிரி 9 மில்லிமீட்டர் பிஸ்டலை மேற்கு வங்காளத்தில் இச்சாபூர் துப்பாக்கித் தொழிற்சாலை நம் ராணுவத்துக்கும் போலீசுக்கும் செய்து கொடுத்தது. அதன் இடது பக்கத்தில், கட்டைவிரல் படும் இடத்தில், அந்தத் தாழ் இருக்கிறது.