முயலுக்காக அழுத எழுத்தாளர்
(பீட்ரிக்ஸ் பாட்டர் வாழ்க்கை வரலாறு, 1866 – 1943)

நம் சுவர் இதழில் தலைவர்கள், விஞ்ஞானிகள் வாழ்க்கை நிறைய வந்துவிட்டது. இந்தத் தடவை நான் எழுதுவது குழந்தைகளுக்குக் கதை எழுதிய ஒரு அம்மாவைப் பற்றி. நீலச் சட்டை போட்ட முயல் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். அதை வரைந்தவர் இவர்தான். இத்தனை பேர் இருக்க இவரை ஏன் எழுதுகிறேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

பீட்ரிக்ஸ் பாட்டர் 1866 ஜூலை 28-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். வசதியான குடும்பம். ஆனால் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டுக்கே ஆசிரியை வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். அதனால் நமக்கு இருப்பது போல அவருக்குக் கூட்டாளிகள் கிடையாது. ஆறு வயது இளைய தம்பி பெர்ட்ரம் மட்டும்தான் துணை.

அக்காவும் தம்பியும் வீட்டுக்குள்ளேயே முயல், எலி, பல்லி, தவளை, வவ்வால், முள்ளெலி என்று வளர்த்தார்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். ஏதாவது ஒன்று செத்துப் போனால் அதன் எலும்புக்கூட்டை எடுத்து அதையும் வரைந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். அன்பு இல்லாமல் அப்படிச் செய்யவில்லை, அந்த உயிரை முழுசாகத் தெரிந்துகொள்ளத்தான் செய்தார்கள் என்று புரிந்தது.

இரகசிய நாட்குறிப்பு

பீட்ரிக்ஸ் தன் 15 வயது முதல் 30 வயது வரை நாட்குறிப்பு எழுதினார். வேறு யாரும் படிக்கக் கூடாது என்று தானே ஒரு இரகசிய எழுத்தைக் கண்டுபிடித்து அதில் எழுதினார். அவர் இறந்து 15 வருடம் கழித்து, 1958-ல்தான் ஒருவர் அந்த எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்.

அதில் ஸரிஃபா என்ற குட்டி எலியின் சாவு இருக்கிறது. 1886-ஆம் வருடம் அதற்கு மூச்சிரைப்பு வந்தது. சமர்த்தாக மருந்து குடித்ததால் பிழைத்துவிடும் என்று பீட்ரிக்ஸ் நம்பினார். ஆனால் ஒரு இரவு அவருடைய உள்ளங்கையிலேயே படுத்து உயிரை விட்டுவிட்டது. அப்போது அவருக்கு 20 வயது. எலி செத்ததற்கு இவ்வளவு பெரிய பெண் வருத்தப்படுகிறாளே என்று யாராவது சிரித்திருப்பார்கள். இரகசிய எழுத்தில் எழுதியது நல்லதாப் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பீட்டர் என்ற முயல்

அவர் வளர்த்த முயல்களில் இரண்டு பேர் பெற்றவை. ஒன்று பெஞ்சமின். 1890-ல் பெஞ்சமினைப் பார்த்து வரைந்த படங்களை வாழ்த்து அட்டைக்கு விற்று 6 பவுன் பணம் வாங்கினார். இன்னொன்று பீட்டர். வளையத்துக்குள் தாவவும், மணி அடிக்கவும் பீட்டருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். வெளியூர் போனாலும் அதையும் கூட்டிக்கொண்டு போவார்.

1893 செப்டம்பர் 4-ஆம் நாள், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த நோயல் என்ற 5 வயதுப் பையனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவன் அவருடைய பழைய ஆசிரியையின் மகன். என்ன எழுதுவது என்று தெரியாமல், நான்கு முயல் குட்டிகளின் கதையைப் படம் போட்டு எழுதினார். அதில் சேட்டைக்காரக் குட்டிக்குத் தன் முயலின் பெயரையே வைத்தார்.

நிஜமான பீட்டர் 1901 ஜனவரி 26-ஆம் நாள் இறந்தது. அதற்கு அப்போது 9 வயது. அந்தக் கதையைப் புத்தகமாகப் போடப் பல பதிப்பகங்கள் மறுத்துவிட்டன. பீட்ரிக்ஸ் விடவில்லை. அந்த வருடம் டிசம்பரில் தன் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சடித்தார். அதில் ஒரு பிரதியில் பீட்டர் இறந்த தேதியைத் தன் கையால் எழுதி வைத்தார். அதற்கு அறிவு கொஞ்சம் குறைச்சல் என்பதையும் மறைக்கவில்லை, அதன் நல்ல குணத்தையும் மறக்கவில்லை. 1902 அக்டோபரில் வார்ன் என்ற பதிப்பகம் அதை வெளியிட்டது. உலகம் முழுக்கப் பீட்டரைத் தெரிந்துகொண்டபோது பீட்டர் உயிரோடு இல்லை.

1905: துக்கமான வருடம்

ஹன்கா மன்கா என்ற எலியையும் அவர் வளர்த்தார். அதை வைத்து 1904-ல் இரண்டு எலிகளின் கதை எழுதினார். 1905 ஜூலையில் அது உயரத்தில் தொங்கிய விளக்கிலிருந்து கீழே விழுந்து, கொஞ்ச நேரத்தில் அவர் கையிலேயே இறந்தது. கவனிக்காமல் விட்டது தன் தப்புதான் என்று அவர் தன்னையே மன்னிக்க முடியாமல் தவித்தார். அந்த எலியைப் போலவே சின்ன பொம்மை ஒன்று செய்து வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் அவர் யாருக்குக் கடிதமாக எழுதினார் தெரியுமா? பதிப்பகத்தைச் சேர்ந்த நார்மன் வார்னுக்கு. அதே மாதம் நார்மன் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். பீட்ரிக்ஸ் சம்மதித்தார். ஆனால் வியாபாரக் குடும்பம் என்று சொல்லி அவருடைய அப்பா அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நிச்சயம் ஆனதை வெளியில் சொல்லவும் கூடாது என்றார்கள். ஒரே மாதத்தில், ஆகஸ்ட் 25-ஆம் நாள், நோய் வந்து நார்மன் இறந்துவிட்டார். ஊருக்குத் தெரியாத நிச்சயம் என்பதால் பீட்ரிக்ஸால் நாலு பேர் முன்னால் அழக்கூட முடியவில்லை.

பிறகு

அந்த வருடமே இங்கிலாந்தின் வடக்கே ஏரிகள் நிறைந்த பகுதியில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். அங்கே ஆடு, பன்றி, வாத்து, கோழி, நாய் என்று மறுபடியும் உயிர்களோடு வாழ்ந்தார். அங்கே அவர் வளர்த்த கெப் என்ற நாய் 1908-ல் வந்த வாத்துக் கதையில் வருகிறது. 1913-ல் வில்லியம் ஹீலிஸ் என்ற வக்கீலைத் திருமணம் செய்தார். ஹெர்ட்விக் என்ற அந்த ஊர் செம்மறி ஆட்டினம் அழியாமல் இருக்கப் பாடுபட்டார். 1943 டிசம்பர் 22-ஆம் நாள், 77-ஆம் வயதில் காலமானார். 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் பல பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

நான் ஏன் இதை எழுதினேன்

எங்கள் வீட்டில் மணி என்ற நாய் இருந்தது. நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது வந்தது. போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் நான்தான் அதன் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். ரோட்டுக்கு ஓடி வண்டியில் அடிபட்டுச் செத்துப் போச்சு. அப்பா வேப்பமரத்தடியில் புதைத்தார். நாய்க்குப் போய் இப்படி அழுவாங்களா என்று எல்லாரும் கேட்டார்கள். அப்பாயி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மணிக்குச் சோறு வைக்கும் தட்டைக் கழுவி, பரண்மேல் வைத்தது.

கயிற்றை அவிழ்த்தது நான்தானே என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. பீட்ரிக்ஸ் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அவர் அதை மறைக்கவில்லை, நம்பிய ஒருவருக்கு எழுதினார். அப்புறம் விலங்கே வேண்டாம் என்று ஒதுங்கவும் இல்லை. துக்கம் வரும் என்று தெரிந்தும் மறுபடியும் வளர்த்தார்.

கடைசியாக ஒன்று. டீச்சர், போன மாதம் நான் இரண்டு நாள் வரவில்லை. விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதினேன். அது பொய். மணி செத்துப் போனதால்தான் வரவில்லை. அப்படி எழுதினால் சிரிப்பார்கள் என்று பயந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நம் வகுப்பில் யார் வீட்டிலாவது ஆடோ மாடோ நாயோ இறந்து அவர்கள் அழுதால், சிரிக்காமல் பக்கத்தில் உட்காருவோம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி